மதுரையைவிடப் பக்கம் யாழ்ப்பாணம்

தூரம் கேட்டால் சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தைக் காட்டிவிடுவேன். நேரம் கேட்டால்தான் உட்காரச் சொல்லிப் பேச வேண்டியிருக்கிறது. பெரியபாளையத்தில் ஊத்துக்கோட்டை போகும் சாலையில் டிக்கெட் புக்கிங் கடை வைத்திருக்கிறேன். ரயில், பஸ், விமானம் எல்லாம் பார்த்துக் கொடுப்பேன். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பமும் போட்டுத் தருவேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் பையன்கள் ஊருக்குப் போக டிக்கெட் கேட்டு வருவார்கள். வெல்டிங் டெஸ்டில் தேறிச் சிங்கப்பூருக்குக் கிளம்புகிறவர்கள் வருவார்கள். கும்மிடிப்பூண்டியில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்தும் வருவார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: யாழ்ப்பாணம் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும்?

தூரத்தை முதலில் பார்த்துவிடலாம். வரைபடத்தில் பெரியபாளையத்தின் மேல் ஸ்கேலை நிறுத்தி நேர் தெற்கே ஒரு கோடு இழுங்கள். கல்பாக்கத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் அது கரையைவிட்டுக் கடலுக்குள் இறங்கும். கோடிக்கரையைக் கொஞ்சம் மேற்கே ஒதுக்கிவிட்டு, நேராகப் போய் முட்டும் இடம் யாழ்ப்பாணத்துக்கு வடக்கே இருக்கும் பலாலி. நம் பவானி அம்மன் கோயிலும் பலாலி விமான நிலையமும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன, 80 பாகைக்குச் சற்றுக் கிழக்கே. ஒரே தீர்க்கரேகையில் இருக்கும் இரண்டு ஊர்களுக்குத் தூரம் கணக்குப் போடுவது சுலபம். அட்சரேகையில் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 111 கிலோமீட்டர். பெரியபாளையம் 13.3, பலாலி 9.8. மூன்றரைப் பாகை, ஆக ஏறக்குறைய 390 கிலோமீட்டர். மீனம்பாக்கத்திலிருந்து கணக்குப் போட்டால் இன்னும் குறையும், 355 கிலோமீட்டர்தான். அதே மீனம்பாக்கத்திலிருந்து மதுரைக்கு வானத்து நேர்கோட்டில் 420 கிலோமீட்டர், கோயம்புத்தூருக்கு 400-க்கு மேல். யாழ்ப்பாணம் இரண்டையும்விடப் பக்கம்.

இந்தக் கணக்கைச் சொன்னால் யாரும் சட்டென்று நம்புவதில்லை. வெளிநாடு என்றாலே தூரம் என்று மனத்தில் பதிந்துவிட்டது. கடையில் வைத்தே ஸ்கேலைக் கையில் கொடுத்து அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தூரம் அன்றைக்கும் இன்றைக்கும் அதேதான். நேரம் மட்டும் நூற்றுச் சொச்சம் வருஷத்துக்குள் இத்தனை முறை மாறிய இன்னொரு தடம் எனக்குத் தெரிந்து இல்லை.

போன ஆனி மாதம் ஒரு அம்மா வந்திருந்தார். அவருடைய மகன் பெயின்டர், எங்கள் கடைக்கு வெள்ளையடித்தவர். முகாமில் ஆண்கள் பல பேருக்கு அதுதான் தொழில். அம்மாவுக்குச் சொந்த ஊர் மன்னார் தீவில் பேசாலை. 1990-ல் வந்தவர். தங்கை இன்னும் அங்கேதான் இருக்கிறார். பார்க்க வேண்டும், முடிந்தால் அங்கேயே இருந்துவிட வேண்டும் என்றார்.

"பிள்ளை, எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"பிளைட்டில் ஒன்றேகால் மணி நேரம்தான் அம்மா."

"நாங்கள் வரேக்க இருட்டினதும் படகிலை ஏறினனாங்கள். விடியிறதுக்குள்ள மணல் திட்டிலை இறக்கி விட்டுட்டாங்கள்."

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் முப்பது கிலோமீட்டர் அளவுக்குத்தான் கடல். அவர் சொன்ன மணல் திட்டு, நடுவில் இருக்கும் ஆதம் பாலத்துத் தீடைகளில் ஒன்று. அங்கே விட்டுவிட்டுப் படகு திரும்பிவிடும். பொழுது விடிந்து யாராவது பார்த்துக் கூட்டிப்போகும் வரை வெயிலில் நிற்க வேண்டும். பிறகு மண்டபம் முகாம். அங்கே பதிவு முடிந்து பஸ்ஸில் ஏற்றி இங்கே கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கடலைக் கடக்க ஒரு ராத்திரி ஆயிற்று. மண்டபத்திலிருந்து இங்கே வர அதைவிட அதிக நேரம் ஆயிற்று என்று அந்த அம்மா சொன்னார்.

மண்டபம் முகாமுக்கு வயது அதிகம். அகதிகளுக்காகக் கட்டியதல்ல அது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலியாட்களாகப் போன நம் ஜனங்களை நோய் ஏதும் இருக்கிறதா என்று நிறுத்திவைத்துப் பார்த்து அனுப்பிய இடம். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்ட பிறகு, தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இறங்கியதும் அங்கேதான். போருக்குத் தப்பி வந்தவர்களும் அதே வாசலில்தான் வரிசையில் நின்றார்கள். அந்த ஒரு முகாமின் பதிவேட்டைப் புரட்டினாலே இந்தத் தடத்தின் பாதிக் கதை தெரிந்துவிடும்.

மீதிக் கதை எழும்பூரில் தொடங்குகிறது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. அதற்கு முன்பு சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் போய், அங்கிருந்து ராத்திரி முழுக்கக் கப்பலில் போனார்கள். பாலம் வந்ததும் ரயில் தனுஷ்கோடி முனை வரைக்கும் போயிற்று. எழும்பூரில் போட் மெயிலில் சாயங்காலம் ஏறினால், மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடி துறையில் ரயிலைவிட்டு இறங்கி, பக்கத்தில் நிற்கும் நீராவிக் கப்பலில் ஏறலாம். தலைமன்னாரில் கப்பல் ஒட்டுகிற துறையிலேயே அடுத்த ரயில் நிற்கும். அடுத்த நாள் காலையில் கொழும்பு கோட்டை ஸ்டேஷன். இரண்டு ராத்திரி, நடுவில் ஒரு பகல். யாழ்ப்பாணத்துக்காரர்கள் மட்டும் மதவாச்சி சந்திப்பில் இறங்கி வடக்கே போகும் ரயிலைப் பிடிப்பார்கள்.

இந்த ஏற்பாட்டில் நான் வியப்பது வேகத்தை அல்ல. ஒரே டிக்கெட்! எழும்பூர் கவுன்டரில் ஒரு சீட்டு வாங்கினால் இரண்டு ரயிலுக்கும் ஒரு கப்பலுக்கும் அதுவே போதும். இன்றைக்கு நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, இணையம் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு சீட்டை யாருக்கும் போட்டுக் கொடுக்க முடியாது. நாகப்பட்டினம் ரயிலுக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று, அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு ஒன்று என்று தனித்தனியாகத்தான் போட வேண்டும். ஒன்று தாமதமானால் அடுத்தது பொறுப்பேற்காது.

வானத்தில் வழி திறந்ததும் அந்தக் காலத்திலேயேதான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை பலாலியில் ஓடுபாதை போட்டது. 1947 டிசம்பர் 10-ஆம் தேதி ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பு இரத்மலானையிலிருந்து கிளம்பி, பலாலியில் இறங்கி, பிறகு சென்னைக்கு வந்தது. 'சீதாதேவி' என்று பெயர் வைத்த டக்கோட்டா அது. இலங்கைக்குச் சொந்தமான விமானக் கம்பெனி பறந்த முதல் தடமே கொழும்பு–யாழ்ப்பாணம்–சென்னைதான் என்பதை நம் ஊரில் எத்தனை பேர் அறிவார்கள்? என் கடைக்கு வருகிற யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் அறிவார்கள். காலையில் சென்னைக்கு வந்து பட்டுப்புடவை எடுத்துக்கொண்டு திரும்பிய கல்யாணக் கதைகளை அவர்கள் வீட்டில் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

இந்த இழைகள் ஒவ்வொன்றாக அறுந்தன. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி போயிற்று. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலை அலை நூற்றுக்கு மேற்பட்ட ஜனங்களோடு வாரிக்கொண்டது. ஊர் குடியிருக்கத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாற்றினார்கள். 1980-களின் தொடக்கம் வரை தலைமன்னாருக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1983-க்குப் பிறகு போர். கப்பல் நின்றது. பலாலி ராணுவத்தின் தளமாகிவிட்டது. 1990-ல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ரயிலும் நின்றது.

அதற்குப் பிறகு சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டுமென்றால் முதலில் கொழும்புக்குப் பறக்க வேண்டும். அதாவது 355 கிலோமீட்டரில் இருக்கும் ஊரைத் தாண்டி, 645 கிலோமீட்டர் தெற்கே போய் இறங்கி, அங்கிருந்து 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வர வேண்டும். திரும்பி வருகிற வழியும் பல வருஷம் மூடிக்கிடந்தது. திருகோணமலைக்குப் போய்க் கப்பலுக்குக் காத்துக்கிடந்தவர்கள் உண்டு. 2002-ல் சமாதானம் பேசியபோது யாழ்ப்பாணம் போகும் ஏ-9 சாலையைத் திறந்தார்கள். 2006 ஆகஸ்டில் மறுபடி மூடினார்கள். போர் முடிந்த 2009 வரை மூடியேதான் இருந்தது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணம் போக எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டிருந்தால், எந்த ஏஜென்ட்டாலும் நாள் கணக்கில்கூடப் பதில் சொல்லியிருக்க முடியாது.

கடிகாரமும் அப்போது நிலையாக இல்லை. இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம்தான் இருந்தது. 1996-ல் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது, மே மாதம் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அக்டோபரில் அதில் அரை மணியைத் திரும்ப எடுத்தார்கள். பத்து வருஷம் நம்மைவிட அரை மணி முன்னால் ஓடிவிட்டு, 2006 ஏப்ரலில் நம் நேரத்துக்கே திரும்பினார்கள். ஆனால் விடுதலைப் புலிகள் கையில் இருந்த பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. ஏ-9 சாலையில் சோதனைச் சாவடியைத் தாண்டும்போது வாட்சில் முள்ளைத் திருப்பிக்கொண்டதாக முகாம்காரர் ஒருவர் சொன்னார். ஒரே தீவில், ஒரே சாலையில் இரண்டு நேரம்.

இப்போதைய நிலவரத்துக்கு வருகிறேன். 2014 அக்டோபரில் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்தது. 2015 மார்ச்சில் தலைமன்னார் துறை வரை தண்டவாளம் போட்டு முடித்தார்கள். 2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. அடுத்த மாதமே அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. கொரோனாவில் 2020 மார்ச்சில் நின்றது, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. கடல் வழியும் திறந்தது: 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குச் 'செரியபாணி' கப்பல் போயிற்று. வடகிழக்குப் பருவமழை நெருங்கியதால் சில நாளில் நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' அந்தத் தடத்தை எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய 60 கடல் மைல், நாலு மணி நேரம். கடல் மைல் என்பது அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு. ஆக அந்தக் கப்பல் கடப்பது சுமார் ஒரு பாகை.

விமானத்தைப் பற்றி ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். கொழும்பு 645 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. யாழ்ப்பாணம் அதில் ஏறக்குறைய பாதி தூரம்தான், அதற்கு ஏன் ஒன்றேகால் மணி? பலாலிக்குப் போவது ஏடிஆர் 72. இறக்கையில் இரண்டு புரொப்பெல்லர் சுற்றும் சின்ன விமானம், எழுபது சொச்சம் சீட். குட்டையான ஓடுபாதையிலும் இறங்கும். மேலே போனால் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுக்குத்தான் ஓடும். கொழும்பு போகும் ஜெட் 800-ஐத் தாண்டும். 355-ஐ 500-ஆல் வகுத்தால் 43 நிமிஷம் வருகிறதே என்று கேட்கலாம். டிக்கெட்டில் அச்சாகும் நேரம் பறக்கிற நேரம் மட்டும் அல்ல. நிற்கும் இடத்திலிருந்து சக்கரம் நகர்ந்த நொடி முதல், அங்கே போய் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மெதுவாக மேலே ஏறுவது, சுற்றி வந்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். 100 கிலோமீட்டர் போனாலும் 3,000 கிலோமீட்டர் போனாலும் இந்தச் சில்லறை நேரம் ஏறக்குறைய அதேதான். அதனால்தான் கிட்டத்து ஊருக்கு நேரம் அதிகமாகத் தெரிகிறது.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. சென்னையிலிருந்து சிங்கப்பூரும் துபாயும் ஏறக்குறைய ஒரே தூரம், இரண்டும் 2,900 கிலோமீட்டர் சொச்சம். இரண்டுக்கும் பறக்கும் நேரம் நாலு மணிக்கு மேல். ஆனால் சிங்கப்பூர்க் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முன்னால், துபாய்க் கடிகாரம் ஒன்றரை மணி பின்னால். டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, துபாய்தான் பக்கம் என்று வாதாடும் பையன்களுக்கு இதை விளக்கிச் சொல்வேன். போய் இறங்கியதும் வீட்டுக்குப் போன் பண்ணும்போது அங்கே மணி என்ன என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்காகவாவது.

பேசாலை அம்மாவிடம் நான் ஒன்றேகால் மணி என்று நிறுத்தவில்லை. முழு வழியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து மீனம்பாக்கத்துக்குக் காரில் இரண்டு மணி நேரம். செங்குன்றத்தில் மாட்டினால் இன்னும் அரை மணி. சர்வதேச விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னால் உள்ளே இருக்க வேண்டும். பறப்பது ஒன்றேகால். பலாலியில் குடிவரவு, சுங்கம் முடிந்து வெளியே வர ஒரு மணி. அங்கிருந்து யாழ்ப்பாணம் டவுன், பிறகு பூநகரி வழி. 2011-ல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு வவுனியா சுற்றாமல் நேரே போகலாம். அதுவும் பேசாலை வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடியற்காலை முகாமில் கிளம்பினால் சாயங்காலம் தங்கை வீடு. அவர் வந்த கடல் வழியில் அந்த வீடு தனுஷ்கோடி மணலிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்கூட வராது.

தாளின் அடியில் இன்னொரு கணக்கும் எழுதினேன். அதுதான் பெரிது. முகாமில் இருப்பவர் டிக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. இலங்கைத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டோ பயண ஆவணமோ வாங்க வேண்டும். இந்தியாவைவிட்டு வெளியேற அனுமதி வாங்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகள் கூடப் போவதாக இருந்தால், அவர்கள் பிறப்பைத் துணைத் தூதரகத்தில் பதிந்து இலங்கைக் குடியுரிமை வாங்க வேண்டும். பழைய சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, முகாம் அட்டையில் ஒரு மாதிரி இருந்துவிட்டால், அதைச் சரிசெய்ய வேறு அலைய வேண்டும். இவை நகர்வது மாதக் கணக்கில். கூலி வேலையை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குச் செலவழித்து, ஒவ்வொரு வரிசையிலும் நிற்கிறார்கள். 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது. அதை நான் மனதார வரவேற்றேன். இந்தக் காகிதங்கள் எல்லாவற்றையும் முகாமுக்குள்ளேயே ஒரே மேசையில் வாங்கிக் கொடுக்க ஏற்பாடு வந்தால் எத்தனையோ குடும்பங்களின் வழி பாதியாகக் குறையும். 1914-ல் இரண்டு ரயில், ஒரு கப்பலுக்கு ஒரே சீட்டு கொடுக்க முடிந்ததென்றால், இதுவும் நடக்கக்கூடியதுதான்.

ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலும் திரும்ப வர வேண்டும். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்து, ராமேஸ்வரம் வரை மீண்டும் ரயில் போகிறது. அந்தப் பக்கம் தலைமன்னார் துறை வரை தண்டவாளம் தயாராக இருக்கிறது. நடுவில் கடல் மட்டும் பாக்கி. விமானம் ஏறக் காசில்லாதவர்களும், சாமான் மூட்டையோடு குடும்பமாகத் திரும்புகிறவர்களும், ராமேஸ்வரத்துக்குக் கும்பிட வரும் இலங்கைச் சனங்களும் அந்தத் தடத்துக்குக் காத்திருக்கிறார்கள். தொடங்கிய பிறகு பருவமழை தவிர வேறு எதற்கும் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். ஒரு தடம் நின்று நின்று ஓடினால், ஜனங்கள் அதை நம்பிக் கல்யாணத்துக்குத் தேதி குறிக்க மாட்டார்கள், வியாபாரி சரக்குக்கு ஆர்டர் கொடுக்க மாட்டார்.

அம்மாவின் வெளியேற்ற அனுமதி ஆடியில் வந்துவிடும் என்று மகன் போன் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் விலை குறைவாக இருக்கிறதே, அன்றைக்கே போடலாமா என்று கேட்டார். ஆடி ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம் என்றேன். வேப்பிலை கட்டிக்கொண்டு பவானி அம்மனுக்கு நேர்த்திக்கடன் செலுத்த வரும் கூட்டத்தில் ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலை வரை வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்; அது செங்குன்றம் போகும் பெரிய சாலையையும் அடைத்துவிடும், மீனம்பாக்கம் போகும் கார் அதில் மாட்டினால் விமானம் காத்திருக்காது. புதன்கிழமைக்கு விலை பார்த்து, அனுமதி கையில் வந்த அன்றைக்கே போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.